அனுப்பிரியா விடாத மீன்

சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அனுப்பிரியா விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகளுக்கு நேரில் பி.டி. மிஸ், முதுகுக்குப் பின்னால் புல்டோசர் மிஸ். அந்தப் பெயர் அவள் காதுக்கு எட்டி வெகு நாளாகிவிட்டது. அதற்காக யாரையும் கூப்பிட்டு மிரட்டியதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறந்தது படப்பை. வாழ்க்கைப்பட்டது கீழ்க்கட்டளை. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பம். தாம்பரத்தில் கல்லூரி படித்தபோது குண்டு எறிதலில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தாள். மாநிலப் போட்டிக்குப் புறப்பட வேண்டிய வாரத்தில்தான் பெரியவர்கள் நிச்சயதார்த்தத்தை வைத்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துத் தற்செயலாக அதைக் கேள்விப்பட்ட அவள் புருஷன் சம்பத், "ஒரு வார்த்த சொல்லியிருந்தா தேதிய தள்ளிப் போட்டிருக்கலாமே" என்றான். உண்மையில் தள்ளிப் போட்டிருப்பான். அந்த வாரம் யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் தோளிலும் தொடையிலும் இருந்த பலத்தை யாரும் முழுதாகக் கேட்டதில்லை. கேஸ் சிலிண்டரைத் தனியாக மாடிக்கு ஏற்றுவாள். ஸ்போர்ட்ஸ் டே அன்று பந்தல்காரன் ஆள் வரவில்லை என்றால் கம்பத்தை இவளே தூக்கி நட்டுவிடுவாள். அவ்வளவுதான். மற்றபடி விசில், அட்டென்ஷன், ஸ்டாண்டட் ஈஸ்.

மீன் பிடிக்கும் பழக்கம் ஸ்ரீவித்யா வழியாக வந்தது. ஸ்ரீவித்யா அதே பள்ளியில் கணக்கு டீச்சர், வீடு சிட்லபாக்கம். அவளுடைய கணவன் கிட்டு ஒரு ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். கொரோனா அடங்கிய சமயத்தில் கிட்டுவுக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது. வீடியோ வீடியோவாகப் பார்த்து, விதவிதமான தூண்டில் கோல்களை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோவளம் கரைக்குப் போய் நிற்பான். ஸ்ரீவித்யாவுக்கு மீன் வாடையே ஆகாது. "எனக்குப் பதிலா நீங்க யாராவது இவரோட போங்களேன்" என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அனுப்பிரியாவும் பயாலஜி எடுக்கும் ஜாஸ்மினும் விளையாட்டாகக் கிளம்பினார்கள். ஜாஸ்மினுக்குக் கடல் பார்க்கப் பிடித்தது. அனுப்பிரியாவுக்குத் தூண்டில் பிடித்துவிட்டது. ஈயம் கட்டிய தூண்டில் நரம்பை அவள் வீசினால் அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போய் விழும். கிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அப்புறம் அவளுடைய கால் வைப்பில் ஒரு தப்பு கண்டுபிடித்துச் சொன்னான்.

அவன் சுபாவம் அப்படி. எதைப் பார்த்தாலும் விளக்குவான். ஆனால் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. சம்பத்துக்கு நெஞ்சு வலி வந்த அன்று, ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாமென்று தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது கிட்டுதான். அதனால் வீட்டு மனுஷனாகிவிட்டான். அவன் அவளை நீ, வா, போ என்பான். அவள் அவனைக் கடைசிவரை சார் என்றும் நீங்க என்றும்தான் கூப்பிட்டாள்.

கொப்பரன் மீன் கிட்டுவின் கனவு. இங்கிலீஷில் மார்லின். மூக்கு ஈட்டி மாதிரி நீண்டிருக்கும், ஆள் உயரத்துக்கு மேல் வளரும், கரைக் கட்டடம் எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஆழ்கடலில்தான் திரியும். தூண்டிலில் மாட்டினால் தண்ணீரை விட்டு வெளியே எகிறிக் குதிக்கும். கோவளத்தில் லாசரஸ் என்ற படகுக்காரர் அதற்கென்றே ஆட்களைக் கூட்டிப்போகிறார் என்று கேள்விப்பட்டு, பிப்ரவரியில் கடல் அமைதியாக இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு செய்தான்.

விதிமுறையையும் அவன்தான் போட்டான். முந்தின நாள் சாயங்காலம் மூன்று பேரும் அவன் வீட்டில் காபி குடிக்கும்போது விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். "முறை வச்சு உக்காரணும். யார் முறையில மீன் அடிக்கறதோ அது அவங்க மீன். அவங்களா கேட்டாலொழிய இன்னொருத்தர் ராடைத் தொடக்கூடாது. தொட்டா அந்த மீன் கணக்குலயே வராது. உலகம் பூரா இதான் ரூல்."

"சரி சார்," என்றாள் அனுப்பிரியா.

விடியற்காலையில் லாசரஸ் படகைத் தள்ளி இறக்கினார். ஐம்பது வயசிருக்கும், அதிகம் பேசாத மனிதர். வெயில் ஏறும்போது கரை ஒரு கோடாகி, கோடும் கரைந்து போயிருந்தது. தண்ணீரின் நிறம் மாறியது. பச்சை போய், மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி ஒரு நீலம். லாசரஸ் இஞ்சினின் வேகத்தைக் குறைத்து, பிளாஸ்டிக்கில் செய்த பொய் இரைகளைப் பின்னால் இழுத்து வரும்படி விட்டார். படகின் பின்பக்கம் ஒரு நாற்காலி. முறைக்காரர் அதில் உட்கார வேண்டியது, மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியது.

முதலில் ஜாஸ்மின் உட்கார்ந்தாள், இஞ்சி மிட்டாயைச் சப்பிக்கொண்டே. ஒன்றும் வரவில்லை. பிறகு கிட்டு. ஒன்றும் வரவில்லை. அவன் முறை முடிந்ததும் எழுந்திருக்க மனசில்லாமல், "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா, அனு? ஏதோ வரும்போல இருக்கு" என்றான்.

"இருங்க சார், எனக்கின்னா அவசரம்."

கொஞ்ச நேரம் வெகு நேரமானது. கடைசியில் அவனே வெட்கப்பட்டு எழுந்தான். அவள் உட்கார்ந்து, கோலைத் தன்னோடு பிணைக்கும் இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டிக்கொண்டு, தொப்பியைக்கூடச் சரி செய்திருக்கமாட்டாள். நரம்பு சுற்றிய ரீல் அலறியது.

அந்தச் சத்தத்தை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. நரம்பு தறிகெட்டு ஓடியது. படகுக்கு வெகு தூரம் பின்னால் தண்ணீர் உடைந்து, கருநீல முதுகும் வெள்ளி வயிறுமாக ஒரு உருவம் செங்குத்தாக எழுந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறி, மல்லாந்து விழுந்தது.

"கொப்பரன்," என்றார் லாசரஸ். அவர் குரல் உயரவே இல்லை. "ஓடட்டும் மேடம். இப்ப சுத்தாதீங்க. ஓடி முடிக்கட்டும்."

கிட்டு தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். "அஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா என்னுது," என்றான். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டான். அனுப்பிரியா அதைக் கேட்டாள். அப்போது அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

மீன் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அவள் முதுகைச் சாய்த்து இழுத்தாள், குனிந்து சுற்றினாள், மறுபடி இழுத்தாள். கையால் இழுத்தால் கை போய்விடும் என்று அவள் உடம்புக்கே தெரிந்திருந்தது. குண்டு எறியும்போது பலம் குதிகாலிலிருந்து கிளம்பி இடுப்பு வழியாக ஏறி வரும். அதே வழியாக இப்போதும் ஏறியது. சூரியன் உச்சிக்கு நகர்ந்தது. தொடை எரிந்தது, விரல்கள் மரத்தன, உதட்டில் உப்பு பூத்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள். இருபது வருஷத்துக்கு மேலாகச் சும்மா கிடந்த பலத்தை முழுசாக, மிச்சம் வைக்காமல், தா என்று ஒன்று கேட்கிறது. அவளும் தந்துகொண்டிருக்கிறாள். வேறு எதுவும் அவளுக்கு அந்த நேரத்தில் வேண்டியிருக்கவில்லை.

மீன் களைத்துப்போய் நெருங்கி வந்தது. முதுகுத் துடுப்பு தண்ணீருக்கு மேல் தெரிந்தது. கிட்டு தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் வந்தான். அவள் வாயில் ஊற்றினான். அப்புறம் அவன் கை கோலின் மேல் வந்தது.

"கொடு அனு. நான் பாத்துக்கறேன்."

"வேணாம் சார்."

"கை நடுங்கறது பார். உன்னால முடியல."

"நடுங்கட்டும். கைய எடுங்க."

"கிட்ட வந்து போனா போனதுதான். ஒரே ஒரு மீன் வந்திருக்கு, ரிஸ்க் எடுக்காதே."

"சார், நான் கேக்கல."

அவன் குனிந்து அவளுடைய இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றினான். ரொம்ப நிதானமாகக் கழற்றினான். ஒரு குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குகிறவனைப் போல. பிறகு கோலைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. இரண்டு பேர் இழுப்புக்கு நடுவில் கோல் கோணலாக வளைந்து, படகின் விளிம்பில் முட்டி, முறிகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பியது. அந்த ஒரு நொடியில் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். இப்படியே இழுத்தால் கோல் உடையும், மீன் போய்விடும். அவள் கையை எடுத்தாள்.

கிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். மீன் படகைப் பார்த்துவிட்டு மிரண்டு கீழே பாய்ந்தது.

"விட்டுக் குடுங்க சார், ஓடட்டும்," என்றார் லாசரஸ்.

கிட்டு விட்டுக்கொடுக்கவில்லை. ரீலின் பிரேக்கை முழுவதும் இறுக்கினான். நரம்பு வீணைத் தந்தி மாதிரி ஒரு ஓசை எழுப்பி அறுந்தது. கோல் நிமிர்ந்தது. அவ்வளவுதான்.

கிட்டு நரம்பின் நுனியை இழுத்துப் பார்த்து, "முன்னாடியே தேஞ்சிருக்கு. மொதல்லயே குடுத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றான்.

அனுப்பிரியா அவனைப் பார்த்தாள். ஜாஸ்மினைப் பார்த்தாள். ஜாஸ்மின் கடலைப் பார்த்தாள்.

கோபம் அப்போதே வந்துவிடவில்லை. படகு திரும்பும் வரைக்கும் அவள் உள்ளங்கையில் எழும்பியிருந்த கொப்புளங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உடம்பு பூராவும் காலியாக இருந்தது. கரையில் இறங்கி, காலைக் கழுவி, கிட்டுவின் காரில் பின் சீட்டில் ஏறினாள். கேளம்பாக்கம் தாண்டி வண்டலூர் ரோட்டில் கார் போய்க்கொண்டிருந்தபோது சம்பத் போன் செய்தான்.

"இன்னாமே, மீன வுட்டுட்டியாமே?"

"யார் சொன்னது?"

"குரூப்ல கிட்டு சார் பேசி அனுப்பிக்கிறாரு. நீ ரொம்ப நேரம் போராடுனியாம், அப்றம் முடியாம கைய வுட்டுட்டியாம். அவரு புடிக்கப் பாத்தாராம், அதுக்குள்ள பூட்ச்சாம். பரவால்ல வுடு. பொம்பளையா அம்மாம் நேரம் புடிச்சதே பெருசுன்னு எல்லாரும் கை தட்டிக்கிறாங்க."

அவள் போனை மடியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மீன் கோஷ்டிக்கென்று ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. பள்ளிக்கூடத்து ஆட்களும், கிட்டுவின் ஆபீஸ் சிநேகிதர்களும், சம்பத்தும் அதில் இருந்தார்கள். லாசரஸ் வீட்டுக் குழாயடியில் அவள் கால் கழுவிய நேரத்தில் அவன் பேசி அனுப்பியிருக்கிறான்.

இப்போது வந்தது கோபம்.

"சார், நான் முடியாம விட்டுட்டேன்னா சொன்னீங்க?"

கிட்டு கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "உன்னைப் பாராட்டித்தான் சொல்லியிருக்கேன் அனு. முழுசா கேட்டுப் பாரு. பிரேவ் லேடின்னு சொல்லியிருக்கேன்."

"புடுங்கினதச் சொன்னீங்களா?"

"புடுங்கறதா? நீதானே கைய எடுத்தே?"

"ஜாஸ்மின் மிஸ்," என்றாள் அனுப்பிரியா. "நீங்க பக்கத்துல தான நின்னுட்டிருந்தீங்க. சொல்லுங்க."

முன் சீட்டில் ஜாஸ்மின் துப்பட்டாவின் நுனியைத் திருகினாள். "எல்லாருமே டயர்டா இருக்கோம் மிஸ். இப்ப எதுக்கு. மீன்தானே."

"வண்டிய நிறுத்துங்க சார்."

"இங்கயா? மாம்பாக்கம்தான் வந்திருக்கு."

"நிறுத்துங்க."

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கதவைப் படாரென்று சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். மாம்பாக்கத்தில் மேடவாக்கம் போகிற பஸ் பிடித்தாள். உடுப்பெல்லாம் உப்பும் மீன் வாடையும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போனாள். கண்டக்டர், "இன்னாம்மா, மார்க்கெட்டுக்கா?" என்றார். "இல்ல, கடலுக்கு," என்றாள். அவள் சொன்ன விதத்தில் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் சம்பத் ஆறுதல் சொல்லத் தயாராக இருந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "சரி, அவரு செஞ்சது தப்புதான். ஆனா என் உசுர காப்பாத்துன மனுஷன். ஒரு மீனுக்காக மூஞ்ச தூக்கி வச்சிக்கினு இருக்க முடியுமா? வுட்ரு," என்றான்.

"உன் உசுர காப்பாத்துனாருன்னா என் கைல இருக்கறத புடுங்கலாமா?"

"நான் அப்டி சொல்லலியே."

"வேற எப்டி சொன்ன?"

அவள் குளிக்கப் போனாள். வெந்நீர் பட்டதும் உள்ளங்கை தீயாய் எரிந்தது. குரூப்பில் அவள் ஒரே ஒரு வரி போட்டாள்: 'நான் முடியாமல் விடவில்லை, கிட்டு சார் என் கையிலிருந்து வாங்கினார், அதற்கப்புறம்தான் அறுந்தது.' பிடுங்கினார் என்று எழுதி, அழித்து, வாங்கினார் என்று மாற்றியிருந்தாள். அந்த மாற்றத்துக்காக அவளுக்குத் தன் மேலேயே பின்னால் ஆத்திரம் வந்தது. கிட்டு அதற்குக் கீழே கைகூப்பும் படம் ஒன்றும், 'டீம் ஒர்க்!' என்றும் போட்டான். எல்லோரும் அதற்கும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குத் தோளைத் தட்டினார்கள். "விடுங்க மிஸ், அடுத்த தடவை." "கிட்டு சாராலயே முடியலன்னா பாத்துக்கோங்க எவ்ளோ பெரிய மீனா இருக்கும்." ஸ்ரீவித்யா டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு தோசையை இவள் பக்கம் நகர்த்தி, "அவர் ரொம்ப வருத்தப்பட்டார் அனு. உனக்குக் கெடைச்சிருக்கலாம்னு ராத்திரி பூரா அதே பேச்சு," என்றாள். உண்மையான பரிவோடுதான் சொன்னாள். அனுப்பிரியா தோசையை அவள் பக்கமே திரும்ப நகர்த்தினாள். எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். எல்லோரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் ஒவ்வொன்றும் அவள் கையிலிருந்து அந்தக் கோலை மறுபடி மறுபடி பிடுங்கியது.

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை காலை அசெம்பிளியில் பிரின்சிபால் ரோஸி மேடம் மைக்கைப் பிடித்தார். பொதுத்தேர்வு நெருங்குகிறது, பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லவேண்டும் என்ற நல்லெண்ணம் அவருக்கு.

"நம்ம பி.டி. மிஸ் ஞாயித்துக்கிழமை நடுக்கடலுக்குப் போயி ஒரு பெரிய மார்லின் மீனோட போராடினாங்க. கடைசியில அவங்களால முடியல, விட்டுட்டாங்க. ஆனா அவங்க அழுதாங்களா? இன்னைக்கு நம்ம முன்னாடி கம்பீரமா நிக்கறாங்க. தோத்தாலும் முயற்சி பண்ணினோம்ங்கறதுதான் முக்கியம். எல்லாரும் மிஸ்ஸுக்காக ஒரு கிளாப்."

மைதானம் முழுக்கக் கைதட்டல். எல்.கே.ஜி. பிள்ளைகள்கூடத் தட்டின. அனுப்பிரியா வரிசைகளுக்கு முன்னால் விசிலோடு நின்றிருந்தாள். அசெம்பிளியைக் கலைக்கும் உத்தரவு கொடுப்பது தினமும் அவள் வேலை, அதனால் மேடம் வழக்கம்போல மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அவள் அட்டென்ஷன் சொல்லவில்லை.

"ஒரு திருத்தம்," என்றாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் பக்கத்துத் தெரு வரைக்கும் போனது. "நான் முடியாம விடல. மீன் கிட்ட வந்திருச்சு. என் கையில பலம் இருந்துச்சு. அப்ப கூட இருந்த ஒருத்தரு, நான் வேணாம்னு சொல்லச் சொல்ல, என் கையிலேர்ந்து ராடைப் புடுங்கினாரு. ரெண்டு பேர் இழுத்தா ராடு ஒடஞ்சிரும்னு நான் கைய எடுத்தேன். முடியாம எடுக்கல. அவர் கையிலதான் அறுந்துச்சு. நான் தோக்கல. தோத்தவங்களுக்குத் தட்டற கை எனக்கு வேணாம். ஸ்கூல், அட்டென்ஷன்."

எண்ணூறு பிள்ளைகள் ஒரே சமயத்தில் விறைத்து நின்றார்கள். அவ்வளவு ஒழுங்காக அவர்கள் ஒருநாளும் நின்றதில்லை.

மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டு, மைக்கில் சொந்த விஷயம் பேசியது தப்பு என்றார். "நீங்க முதல்ல பேசினீங்களே மேடம்," என்றாள் அனுப்பிரியா. மேடம் சற்று யோசித்து, சரி, கிளாஸுக்குப் போங்க என்று சொல்லிவிட்டார்.

ஸ்ரீவித்யா அப்படி விடவில்லை. ஸ்போர்ட்ஸ் ரூமுக்கு வந்து, வாசலிலேயே நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"அந்த ஒருத்தர் யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். என் கிளாஸ் பசங்களுக்கே தெரியும். என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே அனு."

"அவர்கிட்ட சொன்னேன். குரூப்ல போட்டேன். நீயும் படிச்ச."

"வாங்கினார்னுதானே போட்டிருந்தே? அதுல எனக்கு என்ன தெரியும்?"

அது நியாயமான கேள்வி. அனுப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும், "இப்ப தெரிஞ்சிடுச்சில்ல. வூட்டுக்குப் போயி கேளு," என்றாள். கோபத்தில் அவளுக்குக் கீழ்க்கட்டளைப் பேச்சு வந்துவிடும். ஸ்ரீவித்யா திரும்பிப் போனாள்.

அன்று சாயங்காலம் கிட்டுவே வந்தான். பிள்ளைகள் போய்விட்டார்கள். அனுப்பிரியாவும் ஜாஸ்மினும் மைதானத்தில் கூடைப்பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் போய் வந்த நாள் முதல் ஜாஸ்மின் வேலையே இல்லாவிட்டாலும் இவள் பக்கத்தில் வந்து எதையாவது பொறுக்கிக்கொண்டிருப்பாள். இவள் பேசமாட்டாள்.

"என் மானத்தை ஸ்பீக்கர் வச்சு வாங்கிட்டே," என்றான் கிட்டு. அவனும் கொதித்துக்கொண்டுதான் வந்திருந்தான். "எத்தனை வருஷப் பழக்கம். உன் புருஷனுக்கு முடியாதபோது நான் வந்தேனா இல்லையா?"

"வந்தீங்க. அதுக்கு ஆயிரம் தடவ தாங்ஸ் சொல்லுவேன். அது வேற, இது வேற."

"நீ குடுத்தே, அனு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கை நடுங்கித்து, முடியலன்னு ஒரு பார்வை பார்த்தே, குடுத்தே."

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய் சொல்கிறவனின் முகமாக அது இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. அவன் நம்புகிறான். மூன்று நாளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லி, அவன் மனசில் அது அப்படியே நடந்ததாக உட்கார்ந்துவிட்டது. பொய் என்று தெரிந்து சொன்னால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இவனை என்ன செய்வது?

"கொக்கிய யார் கழட்டுனது?" என்றாள்.

"எந்தக் கொக்கி?"

"என் இடுப்புல மாட்டியிருந்த கொக்கி. நான் கேட்டேனா?"

"உனக்கு உதவி செய்யத்தான்..."

"நான் கேட்டேனா சார்?"

பதில் ஜாஸ்மினிடமிருந்து வந்தது. கையில் பந்தோடு, தரையைப் பார்த்தபடி சொன்னாள். "கேக்கல. வேணாம்னு சொன்னாங்க. நாலஞ்சு தடவ சொன்னாங்க. நீங்கதான் புடுங்கினீங்க சார். நான் பாத்தேன்."

கிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "ரெண்டு பேரும் பேசி வச்சிண்டாச்சு. சரி," என்று சொல்லிவிட்டு நடந்தான். அவன் கார் கேட்டைத் தாண்டியது.

ஜாஸ்மின் அழுதுகொண்டிருந்தாள். "சாரி மிஸ். அன்னைக்கே கார்ல சொல்லியிருக்கணும். சண்டை வேணாம்னு இருந்துட்டேன். எங்க வீட்டுல யாராவது குரல உசத்தினாலே நான் ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்குவேன். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்."

அனுப்பிரியாவின் மனசு இளகியிருக்கவேண்டும். இளகவில்லை. "அன்னிக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மைக்ல பேசியிருக்கவே மாட்டேன். ஸ்ரீவித்யாவுக்கு இந்த அசிங்கம் வந்திருக்காது," என்றாள். "அழுவறத நிறுத்திட்டு பந்த எடுங்க." ஜாஸ்மின் எடுத்தாள். கேட் பூட்டும் வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். அதற்கு மேல் அன்றைக்கு அவளால் கொடுக்க முடியவில்லை.

அதன் பிறகு குரூப் செத்துப்போனது. முதலில் யாரும் பேசவில்லை, பிறகு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஸ்ரீவித்யா இப்போதும் அவளுடன் பேசுகிறாள். டைம்டேபிள் பற்றி, பரீட்சை ஹால் பற்றி. டிபன் பாக்ஸ் மேசையின் அந்தக் கோடியில் திறக்கிறது. அனுப்பிரியாவுக்கு அது வலிக்கத்தான் செய்கிறது. மைக்கில் பேசியதற்காக அவள் வருந்தவில்லை. ஸ்ரீவித்யாவிடம் முதலில் போய்ச் சொல்லாததற்காக வருந்துகிறாள். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

சம்பத் ஒரு காலையில் டீ குடிக்கும்போது, தானாகவே, "அவரு கொக்கிய கழட்டுனாருன்னு சொன்ன பாரு, அது ரொம்ப தப்புமே," என்றான். ஏன் திடீரென்று என்று அவள் கேட்கவில்லை. அவன் அதை எத்தனை நாளாக மென்றுகொண்டிருந்தானோ.

லாசரஸ் நம்பரை அவள் வைத்திருந்தாள். கோடையில் மீன்பிடிக்கத் தடை இருக்கும் கடல் அடைப்பு முடிந்ததும் ஒருநாள், ஜாஸ்மினைக் கூட்டிக்கொண்டு போனாள். கொப்பரன் வரவில்லை. காற்று மாறி அலை எழும்பியதால் பாதியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் மறுபடி போனாள். வஞ்சிரம் இரண்டு அடித்தன, நல்ல கனம். ஒன்று ஜாஸ்மின் முறையில் அடித்தது. ஜாஸ்மின் திணறித் திண்டாடி, முழங்கையை இடித்துக்கொண்டு, "மிஸ், முடியல மிஸ், பிடிங்க," என்று கத்தினாள். அனுப்பிரியா பக்கத்தில் போய் நின்று, "நெஜமாவே கேக்கறீங்களா?" என்றாள். ஜாஸ்மின் மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்து, "இல்ல," என்றாள். மீனை அவளே ஏற்றினாள். லாசரஸ் முதன்முறையாகச் சிரித்ததை அன்றுதான் பார்த்தார்கள்.

வஞ்சிரத்தோடு எடுத்துக்கொண்ட படம் எப்படியோ கிட்டு வரைக்கும் போயிருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் போன் வந்தது. அனுப்பிரியா மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஓடவிட்டு நின்றிருந்தாள்.

"எப்படி இருக்கே அனு? வஞ்சிரம் பாத்தேன். சூப்பர். நான் என்ன சொல்றேன்னா, போனது போகட்டும். ஜனவரில ஒரு டிரிப் போடலாம். இந்தத் தடவை பெரிய போட். நீ இல்லாம நல்லாவே இல்ல."

அவன் குரலில் பழைய ஒட்டுதல் இருந்தது. நிஜமாகவே அவளைத் தேடியிருக்கிறான். அவளுக்கும் ஒரு கணம் பழைய ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "அன்னிக்கு நான் குடுத்தேனா, நீங்க புடுங்கினீங்களா?"

போனில் பின்னால் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யின் சத்தம் குறைந்தது.

"அது இப்ப எதுக்கு அனு? பழசக் கெளறி என்ன ஆகப்போறது?"

"அப்ப போனை வெச்சிருங்க சார். பதில் தெரிஞ்ச அப்புறம் பண்ணுங்க."

அவள் போனை அணைத்தாள். பின் வரிசையில் இரண்டு பையன்கள் மைதானத்து மூலை மரத்தைச் சுற்றாமல் குறுக்கு வழியில் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவள் விசிலை ஊதி, இரண்டு பேரையும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.